வாலில்லாத எலியும் சுவர்க் கடிகாரமும்

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. என் லேப்டாப்பில் மவுஸ் பாயிண்டரைக் காணோம். மணி 9:20. நேரத்தை இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம், எங்கள் கூடத்துச் சுவர்க் கடிகாரம் அதற்குப் பிறகு மூன்று நாள் 9:20-லேயே நின்றது. அதை நிறுத்தியதும் நான்தான்.

நான் வீட்டிலிருந்தே மெய்ப்புப் பார்ப்பவள். மேற்கு மாம்பலத்தில், அயோத்தியா மண்டபத்திலிருந்து நாலு தெரு தள்ளி, இரண்டாவது மாடி. சென்னையில் மார்கழி என்றால் மற்றவர்களுக்குக் கச்சேரி, சபா கேன்டீன், கோலம். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அது புத்தகக் காட்சிக்கு முந்தைய மாதம். ஜனவரியில் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் கடை போடுவதற்குள் எல்லாப் பதிப்பாளர்களுக்கும் எல்லாப் புத்தகமும் கைக்கு வந்தாக வேண்டும். எழுத்தாளர் ஆறு மாதம் இழுப்பார், பக்கம் வடிவமைப்பவர் ஒரு மாதம் இழுப்பார், மெய்ப்புக்கு மூன்று நாள் மிஞ்சும். அன்று என் கையில் இருந்தது மாடித் தோட்டம் பற்றிய 168 பக்கப் புத்தகம். திங்கள் மதியம் அச்சகத்துக்குப் போக வேண்டும். 97 பக்கம் முடித்திருந்தேன். ஆசிரியர் செடிகளை நன்றாக வளர்ப்பவர், ஒற்றுகளைப் பட்டினி போடுபவர். ‘மாடி தோட்டம்’ என்றே எழுதி, பக்கத்துக்குப் பக்கம் என்னை ‘த்’ நட வைத்துக்கொண்டிருந்தார்.

சாப்பாடு முடித்து, பாத்திரம் ஒழித்துப் போட்டுவிட்டு, லேப்டாப்பைத் திறந்தேன். கோப்பு அப்படியே இருந்தது. பக்கம் 98, கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றுவது பற்றி. பாயிண்டர் மட்டும் இல்லை.

முதலில் பதறவில்லை. தட்டச்சு செய்யும்போது பாயிண்டர் ஒளிந்துகொள்வது விண்டோஸில் வழக்கம்தான், அதற்கென்றே ஒரு டிக் கட்டம் இருக்கிறது. மவுஸை லேசாக அசைத்தால் திரும்பி வந்துவிடும். அசைத்தேன். வரவில்லை. வேகமாக அசைத்தேன். மேசையில் பெரிய பெரிய வட்டமாகப் போட்டேன். அப்புறம் எல்லோரும் செய்வதையே செய்தேன், மவுஸைத் தூக்கி உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டினேன்.

எங்கள் மேசைக்குக் கண்ணாடி போட்டிருக்கிறது. இப்போதைய மவுஸ்களுக்குக் கண்ணாடி ஆகாது. அவற்றின் வயிற்றில் ஒரு குட்டிக் கேமரா இருக்கிறது. கீழே விளக்கடித்து, விநாடிக்கு ஆயிரத்துக்கும் மேல் படம் எடுத்து, முந்தைய படத்துக்கும் அடுத்த படத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்துத்தான் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்குப் போடுகிறது. வழவழவென்ற கண்ணாடியில் அதற்குப் பார்க்க ஒன்றும் அகப்படாது. அதனால் நான் எப்போதும் பழைய தினசரி காலண்டர் அட்டையைத் திருப்பிப் போட்டு அதன்மேல்தான் மவுஸை வைப்பேன். அட்டையின் மறுபக்கத்தில் முருகன் குப்புறக் கிடப்பதில் என் மாமியாருக்கு உடன்பாடில்லை. அட்டை அன்றும் இருந்த இடத்தில்தான் இருந்தது. முருகனைக் குறைசொல்ல முடியாது.

சரி, பேட்டரி. என்னுடையது வயரில்லாத மவுஸ், ஒரே ஒரு பென்சில் பேட்டரி. வீட்டில் புதுப் பேட்டரி இல்லை. பேட்டரி வைக்கும் டிராயரில் ஏழெட்டு கிடந்தன, எல்லாம் எப்போதோ டிவி ரிமோட்டிலிருந்து கழற்றியவை. செத்த பேட்டரியைத் தூக்கிப் போடாமல் டிராயரில் சேர்த்து வைப்பது எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைப் பழக்கம். நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் கடிகாரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி, அதன் முதுகிலிருந்து பேட்டரியை உருவினேன். மவுஸில் இருந்ததை டிராயரில் போட்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரப் பேட்டரியைப் போடும்போது மவுஸின் வயிற்றுக்குள் டாங்கிள் வைக்கும் குழியையும் பார்த்தேன். டாங்கிள் என்பது வயருக்குப் பதிலாக லேப்டாப்பின் யுஎஸ்பி துளையில் செருகும் குட்டித் துண்டு, மவுஸ் பேசுவதைக் கேட்பது அதுதான். அது காலியாக இருந்தது. ‘சரி, டாங்கிள் லேப்டாப்பில் செருகித்தான் இருக்கிறது’ என்று மனம் தானாகவே முடிவு கட்டிக்கொண்டது. ஒரு பொருள் ஓரிடத்தில் இல்லையென்றால் அது இன்னோரிடத்தில் இருந்தாக வேண்டும் என்பது நல்ல தர்க்கம்தான். எந்த இன்னோரிடம் என்று நான் பார்க்கவில்லை. லேப்டாப்பின் இடப்பக்கம் சுவரை ஒட்டியிருந்தது, அந்தப் பக்கம் அச்சுப்படிகளின் அடுக்கு வேறு.

மவுஸைத் திருப்பினேன். அடியில் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. பாயிண்டர் வரவில்லை. டச்பேடில் விரலை வைத்துத் தேய்த்தேன். அதற்கும் வரவில்லை.

அக்கா மகனைக் கூப்பிட்டேன். இரண்டு நாள் எங்களோடு இருந்துவிட்டு அன்று சாயங்காலம்தான் திருச்சிக்குக் கிளம்பியிருந்தான். மாம்பலத்திலிருந்து மின்சார ரயில் பிடித்துப் போய், கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறியிருந்தான்.

“சித்தி, மவுஸுக்கு அடியில லைட் எரியுதா?”

“எரியுதுடா. செகப்பா.”

“அப்போ மவுஸ் நல்லாதான் இருக்கு. டச்பேட்?”

“அதுவும் வேலை செய்யல.”

“ரெண்டும் சேந்து போச்சுன்னா மவுஸ்ல பிரச்சினை இல்ல சித்தி. விண்டோஸ்தான்.”

எனக்கும் சரியாகத்தான் பட்டது. இரண்டு விளக்கும் ஒன்றாக அணைந்தால் பல்பைப் பார்க்கமாட்டோம், ஃபியூஸைத்தான் பார்ப்போம்.

அவன் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தான். பையன் பொறுமைசாலி. பின்னால் கண்டக்டர் சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார், அதற்கிடையில் இத்தனையும்.

“மவுஸைக் கீழ டாஸ்க்பார் பக்கம் கொண்டுபோற மாதிரி இழு. ஏதாவது ஐகான் வெளுத்து வெளுத்து வருதா?”

இது நல்ல சோதனை. எனக்கு அதுவரை தெரியாது. பாயிண்டர் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உள்ளே நகர்ந்துகொண்டிருந்தால், அது எந்த ஐகானைத் தாண்டுகிறதோ அந்த ஐகான் லேசாக நிறம் மாறும். இருட்டறையில் ஒருவர் நடந்துபோனால் தரைப்பலகை கிறீச்சிடுவதைப் போல. அப்படி மாறினால் மவுஸ் நன்றாக இருக்கிறது, அம்புக்குறிப் படம் வரைவதில்தான் கோளாறு என்று தெரிந்துகொள்ளலாம். எனக்கு ஒன்றும் மாறவில்லை. அந்த நிமிடமே நாங்கள் இருவரும் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அவன் அடுத்த கேள்விக்குப் போய்விட்டான், நானும் பின்னாலேயே போனேன்.

“டிவிக்கு கனெக்ட் பண்ணியிருக்கியா?”

இப்படிக் கேட்டதற்கு ஒரு முன்கதை உண்டு. ஐப்பசி மழையில் வெளியே போக முடியாத ஒரு நாள், லேப்டாப்பை டிவியோடு எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்து ஒரு நாடகம் பார்த்தோம். பார்த்து முடித்து டிவியை ரிமோட்டில் அணைத்தேன், கேபிளைக் கழற்றவில்லை. ரிமோட்டில் அணைத்த டிவி பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், லேப்டாப்புக்கு அது இன்னும் விழித்திருப்பதாகவே தெரியும். வலப்பக்கத்தில் இன்னொரு திரை இருக்கிறது என்று நம்பிக்கொண்டு, பாயிண்டர் விளிம்பைத் தாண்டி அந்தக் கறுப்பு டிவிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அரை நாள் தேடினேன். கடைசியில் இவன்தான் விண்டோஸ் பட்டனோடு பி-யை அழுத்தி, ‘பிசி ஸ்கிரீன் ஒன்லி’ என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னான். சட்டென்று திரும்பி வந்தது.

இந்த முறை கேபிள் கட்டிலுக்கடியில் சுருட்டிக் கிடந்தது. இருந்தாலும் விண்டோஸும் பி-யும் அழுத்திப் பார்த்தேன். பலனில்லை.

அடுத்து விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தச் சொன்னான். இது வேறு பி, பந்துக்கு வரும் பி. போனில் இதைப் புரியவைக்க அவன் பட்ட பாட்டைப் பார்த்தபோது, ஒரே ‘ப’வை வைத்துக்கொண்டு தமிழர்கள் நன்றாகத்தான் காலம் தள்ளுகிறோம் என்று தோன்றியது. அழுத்தியதும் திரை ஒரு கணம் இருண்டு, பீப் என்றொரு சத்தம் கேட்டு, மறுபடி வந்தது. கிராபிக்ஸ் டிரைவரை, அதாவது திரையில் படம் காட்டவைக்கும் மென்பொருளை, தட்டி எழுப்பும் வித்தையாம். பாயிண்டரைத் திரையின் மற்ற படங்களோடு சேர்த்து வரையாமல், கிராபிக்ஸ் சிப் அதைத் தனியாக மேலே ஒட்டிவைக்கிறது. அதனால் டிரைவர் தடுமாறினால் மற்றதெல்லாம் ஒழுங்காகத் தெரியும்போது அம்பு மட்டும் மாயமாகலாம் என்றான். நல்ல விளக்கம். என் அம்பு வரவில்லை.

கண்ட்ரோல் பட்டனைத் தட்டினால் பாயிண்டரைச் சுற்றி வட்டம் வருமே என்றான். தட்டினேன், ஒன்றும் இல்லை. அந்த வசதியை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தால்தான் வரும் என்பது பிறகு தெரிந்தது. பூட்டிய வீட்டுக்குள் மாற்றுச்சாவி வைத்த கதை.

கடைசியாக ரீஸ்டார்ட். விண்டோஸும் எக்ஸும் சேர்த்து, அப்புறம் யூ, அப்புறம் ஆர். மூடித் திறந்து வந்தது. பாஸ்வேர்டு போட்டேன். பாயிண்டர் இல்லை. “சித்தி, ஒரு விஷயம் இருக்கு, வாய்ஸ் நோட் அனுப்…” என்று அவன் ஆரம்பிக்கும்போது லைன் அறுந்தது. பரனூர் டோல்கேட்டைத் தாண்டியிருப்பான்.

மாமியார் உள்ளே தூங்கிவிட்டார். மணி என்னவென்று நிமிர்ந்து பார்த்தேன். 9:20. இன்னும் நேரம் இருக்கிறது என்று ஒரு விநாடி நிம்மதியாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை, கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்கு ஓடலாம். மெட்ரோவில் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்தால் ஆயிற்று. ஆனால் அங்கே கடைகள் திறந்து, ஒருவர் என் லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்குள் திங்கள் மதியம் வந்துவிடும். மீதி 71 பக்கம்.

அப்போதுதான் எனக்கு ஒரு ரோஷம் வந்தது. நான் கம்ப்யூட்டர் கற்றது 1992-ல், பனகல் பூங்கா பக்கம் ஒரு மாடியில். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம். ஏசி இருந்த ஒரே வகுப்பும் அதுதான். அந்த அறையில் மவுஸே கிடையாது. டாஸ், வேர்ட்ஸ்டார், அவ்வளவுதான். ஒரு பத்தியைக் குறிக்க வேண்டுமென்றால் கண்ட்ரோல் கே பி என்று ஆரம்பித்து, கண்ட்ரோல் கே கே என்று முடிப்போம். சேமிக்க கண்ட்ரோல் கே எஸ். இரண்டு வருஷம் அப்படித்தான் தட்டினேன். பாயிண்டர் இல்லையென்று இப்போது கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தால் அந்த விரல்கள் என்ன நினைக்கும்?

ஆல்ட்டும் டேபும் அழுத்தி வேர்டுக்கு வந்தேன். கண்ட்ரோலும் அம்பும் சேர்த்தால் வார்த்தை வார்த்தையாகத் தாவலாம், ஷிஃப்ட்டும் சேர்த்தால் குறித்துக்கொண்டே போகலாம். கண்ட்ரோல், ஆல்ட், எம் மூன்றும் அழுத்தினால் ஓரத்தில் குறிப்பெழுதும் பெட்டி திறக்கிறது. அரைமணி நேரத்தில் பதினோரு பக்கம் போனேன். உண்மையைச் சொன்னால், மவுஸோடு போவதைவிட வேகம். நடுவில் எதையும் கிளிக் செய்து வேறெங்கும் போக முடியாதது ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த நேரத்தில் வாய்ஸ் நோட் வந்து விழுந்தது. பஸ் இரைச்சலுக்கு நடுவில், “சித்தி, லெஃப்ட் ஆல்ட், லெஃப்ட் ஷிஃப்ட், நம் லாக், மூணையும் சேத்து அமுக்கு. கேட்டா எண்டர் தட்டு. அப்புறம் நம்பர் பேட்ல அஞ்சச் சுத்தி இருக்கற நம்பரெல்லாம் அமுக்கிப் பாரு.”

என்னுடையது பெரிய லேப்டாப், வலப்பக்கம் எண் பலகை உண்டு. அழுத்தினேன். ‘மவுஸ் கீஸ்’ வேண்டுமா என்று ஒரு பெட்டி கேட்டது. எண்டர் தட்டினேன்.

திரைக்கு நடுவில், கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் இடையே, வெள்ளை அம்பு நின்றது. எங்கேயும் போகாதது மாதிரி.

8 அழுத்தினால் மேலே, 2 கீழே, 4 இடம், 6 வலம், மூலை எண்கள் குறுக்கே. 5 ஒரு தட்டு, கூட்டல் குறி இரண்டு தட்டு. முதலில் நத்தை, அழுத்திக்கொண்டே இருந்தால் வேகம் பிடிக்கும். பாண்டி ஆடுவதைப் போல, நடுக்கட்டத்தில் நின்றுகொண்டு எட்டுத் திசைக்கும் தாண்டிப் பார்த்தேன். வயது 51.

அம்பு வந்ததும்தான் மூளையும் வந்தது. இப்போதைய விண்டோஸுக்கு ஒரு குணம் உண்டு என்பதை அன்றிரவு தெரிந்துகொண்டேன். மவுஸோ டச்பேடோ எதுவுமே இணைக்கப்படவில்லை என்று அது நினைத்தால், பாயிண்டரையே மறைத்துவிடும். சுட்ட ஆளில்லாதபோது அம்பு எதற்கு என்ற கணக்கு. மவுஸ் கீஸைப் போட்டால், சரி, எண் பலகையாவது இருக்கிறது என்று அம்பைத் திரும்பக் கொடுக்கிறது. ஆக, என் பாயிண்டருக்கு எந்த வியாதியும் இல்லை. என்னிடம் மவுஸும் இல்லை, டச்பேடும் இல்லை என்றுதான் லேப்டாப் ஒரு மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

இங்கே தொழில்புத்தியில் ஒரு கிளைக்கதை. மவுஸுக்குத் தமிழில் ‘சுட்டி’ என்று பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு. குறும்புக்காரக் குழந்தையும் சுட்டிதான், அதுவும் தேடும்போது அகப்படாது. இலக்கணத்தில் அ, இ, உ என்று மூன்று சுட்டெழுத்து படித்தோம். அங்கே, இங்கே இரண்டையும் வைத்துக்கொண்டு சென்னையில் ‘உ’வைத் தொலைத்துவிட்டோம். யாழ்ப்பாணத்தில் இன்னும் ‘உது’, ‘உங்கே’ என்கிறார்கள். பேசுபவனுக்குத் தூரத்தில், கேட்பவனுக்குப் பக்கத்தில் இருப்பதைச் சொல்ல அது எவ்வளவு வசதி! அன்று போனில் “அது இல்லடா, இது”, “எது சித்தி?” என்று நாங்கள் இருவரும் திண்டாடியபோது, அந்த ‘உ’ மட்டும் இருந்திருந்தால் பாதிப் பேச்சு மிச்சமாகியிருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எண் பலகையாலேயே அம்பை ஓட்டிக்கொண்டு போய் செட்டிங்ஸில் டச்பேட் பக்கத்தைத் திறந்தேன். ‘ஆஃப்’ என்று இருந்தது. ஸ்பேஸ் பாரைத் தட்டினேன். ‘ஆன்’. டச்பேடில் விரலை வைத்தேன், அம்பு வழுக்கிக்கொண்டு ஓடியது.

யார் அணைத்தது? நான்தான், சனிக்கிழமை. அன்று இரவு கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, மாமியாரும் நானும் லேப்டாப்பில் ஒரு கச்சேரி பார்த்தோம். மாமியாருக்குக் காது மந்தம், காது மெஷின் போட்டும் தோடி ஆலாபனை எட்டவில்லை. சத்தத்தைக் கூட்டு, சத்தத்தைக் கூட்டு என்றார். இருட்டில் மேல்வரிசையைத் தடவித் தடவி ஒவ்வொரு எஃப் பட்டனாக அழுத்தினேன். வெளிச்சம் குறைந்தது, சத்தம் நின்றது, மறுபடி வந்தது. அந்த வரிசையில் டச்பேடை அணைக்கும் பட்டனும் ஒன்று. ஒவ்வொரு கம்பெனி லேப்டாப்பிலும் அது ஒவ்வோர் இடத்தில் இருக்கும், என்னுடையதில் சத்தத்துக்கு இரண்டு பட்டன் தள்ளி. அழுத்தினேன், டச்பேட் அணைந்தது, எனக்குத் தெரியவில்லை. நான் டச்பேடைத் தொடுவதே இல்லையே, மவுஸ்தானே.

ஆனால் மவுஸ்? அது ஏன் இன்னும் செத்துக் கிடக்கிறது? சிவப்பு விளக்கு எரிகிறது, பேட்டரியும் மாற்றியாயிற்று. அச்சுப்படி அடுக்கை நகர்த்தி, லேப்டாப்பைத் திருப்பி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இடப்பக்கம் பார்த்தேன். யுஎஸ்பி துளை காலி.

சிவப்பு விளக்கு சொல்வது பேட்டரி உயிரோடு இருக்கிறது என்பதை மட்டும்தான். நான் பேசுவதை யாராவது கேட்கிறார்களா என்று அது சொல்லாது. டாங்கிள் இல்லாத லேப்டாப்பிடம் என் மவுஸ் ஒரு மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தது, கடிகாரத்தின் உயிரை எடுத்துக்கொண்டு.

அக்கா மகனுக்கு ஒரு படம் எடுத்து அனுப்பினேன், வெறும் துளையை. பத்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. “ஐயோ சித்தி. நான்தான்.” ஞாயிறு மத்தியானம் ப்ளக் பாயிண்ட் ஒன்றும் காலியில்லாமல், தன் வாட்சை லேப்டாப்பில் சார்ஜ் போட்டிருக்கிறான். லேப்டாப் மூடித்தான் இருந்தது. இரண்டு துளைகளில் ஒன்று எப்போதோ ஆடிப்போனது, அதனால் நல்ல துளையில் இருந்த டாங்கிளை உருவி மேசைமேல் வைத்திருக்கிறான். லேப்டாப்பைத் திறந்தே பார்க்கவில்லை, திறந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

ஆக, சனிக்கிழமை நான் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை அவன் ஒன்று. இரண்டில் எது மட்டும் நடந்திருந்தாலும் பாயிண்டர் இருந்த இடத்தில் இருந்திருக்கும். டச்பேட் மட்டும் அணைந்திருந்தால் எனக்கு மாதக்கணக்கில் தெரிந்திருக்காது. டாங்கிள் மட்டும் போயிருந்தால், டச்பேடில் விரலை வைத்ததுமே மவுஸ்தான் குற்றவாளி என்று தெரிந்திருக்கும். இரண்டும் சேர்ந்ததால் ஒரே பெரிய கோளாறு என்று நம்பி, ஒரு பொதுக் காரணத்தைத் தேடி டிவி வரை போனோம். எனக்கு இதில் வெட்கம் அதிகம். ஒரே வரியில் இரண்டு பிழை இருந்தால், ஒன்றைத் திருத்திய நிம்மதியில் கண் மற்றதைத் தாண்டிவிடும் என்று புதிதாக மெய்ப்புப் பார்க்க வருபவர்களுக்குப் பாடம் எடுப்பவள் நான்.

டாங்கிள் மேசைமேல் இல்லை. கீழே, சோபாவுக்கு அடியில், குப்பைமுறத்தில், டார்ச் அடித்துத் தேடினேன். சுண்டுவிரல் நகம் அளவு கறுப்புத் துண்டு. பெரும்பாலான மவுஸ்களுக்கு டாங்கிள் தனியாக விலைக்குக் கிடைக்காது, ஜோடி பிரிந்தால் இரண்டும் வீண். 1964-ல் அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் குழு செய்த முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி. பின்னால் வயர் வால் மாதிரி தொங்கியதால்தான் எலி என்று பெயர் ஒட்டிக்கொண்டது. வாலைப் பிடித்துக்கொண்டே போனால் கம்ப்யூட்டரில் போய் முட்டலாம், சந்தேகமே வராது. இப்போது வாலை வெட்டி, நகத்தளவு துண்டாக்கி, தனியாகக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

தேடுவதை விட்டுவிட்டு டச்பேடிலேயே உட்கார்ந்தேன். 168-ஆம் பக்கம் முடியும்போது போனில் மணி 2:10. நடுவில் ஒருமுறை மாமியார் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார். சுவரைப் பார்த்தார். “ஒம்போதரைகூட ஆகலையா? அப்போ இன்னும் கொஞ்ச நேரம் வேலை பாரு” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார். விளக்கம் சொல்லத் தெம்பில்லை.

காலையில் காப்பியோடு மாமியாரிடம் கேட்டேன், மேசைமேல் கறுப்பாகச் சின்னதாக ஒன்று பார்த்தீர்களா என்று. காது மெஷின் இல்லாமல் மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது. பார்த்தேனே என்றார். எழுந்து போய், காது மெஷின் வைக்கும் நீல டப்பாவைக் கொண்டுவந்து திறந்தார். பஞ்சு, குட்டி பிரஷ், வட்டப் பேட்டரி அட்டை, அவற்றோடு என் டாங்கிள், துடைத்துச் சுத்தமாக.

“நேத்து மேசையில கெடந்துது. என் மெஷின்லேர்ந்துதான் ஏதோ கழண்டு விழுந்துடுத்துன்னு எடுத்து வச்சேன். எங்க மாட்டறதுன்னுதான் தெரியல. காதுல நிக்கவே மாட்டேங்கறது.”

செருகியதும் மவுஸ் ஓடியது. மெய்ப்பைப் பதினொன்றரைக்கு அனுப்பிவிட்டேன். கண்ட்ரோல் தட்டினால் வட்டம் வரும் வசதியை அன்றே போட்டுக்கொண்டேன்.

கடிகாரம் மட்டும் பாக்கி. மவுஸிலிருந்து கழற்றிய பேட்டரிக்கு உண்மையில் ஒரு குறையும் இல்லை, டிராயரில்தான் இருந்தது, ஏழெட்டுச் செத்த பேட்டரிகளுக்கு நடுவில், ஒரே கம்பெனி, ஒரே நிறம். புதன்கிழமை ஸ்டூலில் ஏறி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஐந்தாவதில் முள் நகர்ந்தது. மாமியார் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, எப்போதும் போலப் பத்து நிமிஷம் கூட்டி வைக்கச் சொன்னார்.